ருசி பார்க்காத டீ

ஸ்ரீ ஜகந்நாதப் பெருமாள் துணை

குமணன்சாவடி
5.2.2024

அன்புள்ள சுதாவுக்கு,

அண்ணி கஸ்தூரி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம்தானே? உன் மகள் மைதிலியைப் பிரசவம் வரைக்கும் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, இப்போது எப்படி இருக்கிறாள்? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

உன் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. தை பிறந்ததும் நீ வந்து பார்த்தபோது இருந்ததற்கு இப்போது முகம் தெளிவு. வாதம் வந்த வலது கையும் காலும் அப்படியேதான். பேச்சு வரவில்லை. மூக்கில் குழாய் போட்டு அனுப்பினார்கள். பால், கஞ்சி, மருந்து எல்லாம் அது வழியாகத்தான். இரண்டு முறை இடது கையால் பிடுங்கி எறிந்துவிட்டார். மறுபடி உள்ளே விடும்போது அவர் துடித்ததை நின்று பார்த்தவள் நான். மூன்றாவது முறை பிடுங்காமல் இருக்க, அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து அந்தக் கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டி வைத்திருக்கிறேன். கட்டியதும் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள், பிள்ளை வினோத் கப்பல் வேலையில் இருக்கிறான்.

தொண்டைக்குப் பயிற்சி கொடுக்க ரோஷினி என்று ஒரு பெண் வருகிறாள். நல்ல பெண். "தொண்ட முழுங்குது ஆன்ட்டி. தண்ணி மாதிரி இருந்தா மூச்சுக்குழாய்க்குப் போயிடும், அது மட்டும் கூடாது. இந்தப் பவுடரைக் கலந்து தேன் பதத்துல எது குடுத்தாலும் அங்கிள் முழுங்குவாரு. வாயைத் தொறக்கணும், அவ்ளோதான்" என்கிறாள். அந்த அவ்வளவுதான் நடக்கவில்லை. இட்லியை மசித்துப் பார்த்தேன், ரசம் சாதத்தைக் கூழாக்கிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறார். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் வாயால் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால், வயிற்றில் துளை போட்டு அங்கேயே குழாய் வைத்துவிடுவோம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அப்படி வைத்துவிட்டால் அப்புறம் இந்த மனுஷன் வாயைத் திறப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

டீ என்றால் திறப்பார் என்று நினைத்தேன். ஆவடி ஃபேக்டரியில் இருந்த நாளெல்லாம் டீயில் ஓடிய உடம்பு அது. போட்டுப் பவுடர் கலந்து ஒரு ஸ்பூன் கொடுத்தேன். ஆசையாகத்தான் வாங்கினார். உடனே முகம் சுருங்கிவிட்டது. நாக்காலேயே வெளியே தள்ளிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் டீ டம்ளரைக் கண்டாலே தலையை ஆட்டுகிறார்.

என் அளவு மாறவே இல்லை சுதா. ஒரு டம்ளர் பால், அரை டம்ளர் தண்ணீர், தலைதட்டி ஒரு ஸ்பூன் தூள், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எப்போதும் போலப் பெருமாளுக்குக் காட்டின பால்தான். வினோத்துக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்ததிலிருந்து நான் டீயைத் தொடுவதில்லை, உனக்குத் தெரியும். எனக்கு ருசி தெரியாது, அளவுதான் தெரியும்.

நீ அவரோடு பிறந்தவள். அவருக்கு டீ எப்படி இருந்தால் பிடிக்கும்? ஒன்று விடாமல் எழுது. உனக்குப் போனில் காது கேட்காது, என் பட்டன் போனில் தமிழ் வராது. நம் இருவருக்கும் தபால்காரர்தான் கதி. சீக்கிரம் போடு.

அன்புடன்,
கஸ்தூரி



சங்காரெட்டி
13.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சுதா எழுதறேன். இங்கே மைதிலி படுத்தபடியே இருக்கிறாள், வயிறு நல்ல இறக்கம். அவரும் நானும் சுகம். அண்ணன் கையைக் கட்டி வைத்திருக்கிறதைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணி. அந்த முடிச்சைப் போட நீங்கள் என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் டீ சொல்லித்தர வேண்டிய காலம் வந்ததே! கல்யாணமாகி நீங்கள் வந்த புதிதில், உங்கள் டீக்கு நானும் அண்ணனும் டம்ளரை அளந்து பார்த்துச் சண்டை போடுவோம். "உனக்கு ஒரு விரக்கடை அதிகம்டி" என்று என் டம்ளரிலிருந்து ஊற்றிக்கொள்வார். அப்போது எனக்குக் காது கேட்கும். அவர் உறிஞ்சுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

அவருக்குத் தூள் தூக்கலாக இருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தூளைப் போட்டு, அடுப்பைச் சின்னதாக்கி மூடி வையுங்கள். இஞ்சி தட்டிப் போடுவதானால் தண்ணீரிலேயே போட்டுவிடுங்கள், பாலில் போட்டால் திரிந்துவிடும். பாலைத் தனியாகக் காய்ச்சி, பொங்கி வரும்போது டிகாக்‌ஷனில் சேர்த்து ஒரே ஒரு கொதி. அதற்கு மேல் கொதிக்க விட்டால் கசந்துபோகும்.

பாலை மட்டும் புதிதாக ஒரு பாக்கெட் உடைத்து, டீக்கென்று தனியாகக் காய்ச்சிப் பாருங்களேன். சும்மா ஒரு மாற்றத்துக்குச் சொல்கிறேன்.

அண்ணன் காதருகில் போய் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
சுதா



ஸ்ரீ ஜகந்நாதப் பெருமாள் துணை

குமணன்சாவடி
20.2.2024

அன்புள்ள சுதாவுக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. மைதிலிக்கு இஞ்சிக் கஷாயம் கொடுக்காதே, சூடு.

நீ சொன்னபடியே செய்தேன். தூள் ஒன்றரை ஸ்பூன், மூடி வைத்தேன், இஞ்சி தண்ணீரில், ஒரே கொதி. நீ கேட்டதாகக் காதில் சொன்னேன். கண்ணைத் திறந்தார். ஸ்பூனை வாயருகில் கொண்டுபோனேன். முகர்ந்தார் சுதா, ருசிகூடப் பார்க்கவில்லை, முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர்.

பாலைப் பற்றி எழுதியிருந்தாய். பாலில் குறை இருக்காது. முதல் பாக்கெட்டைக் காய்ச்சி ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் போட்டுப் பெருமாளுக்குக் காட்டிவிட்டு, அந்தப் பாலில்தான் அவருக்கு டீ. வினோத் பிழைத்து வந்த நாளிலிருந்து ஒருநாளும் மாற்றியதில்லை. பிரசாதத்தை வைத்துவிட்டு வேறு பாலைக் கொடுக்கவா? அதுவும் இந்த நிலைமையில்?

அதனால் ருசி பார்க்க ஒரு ஆளைப் பிடித்தேன். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாளைக் கூப்பிட்டுப் பவுடர் கலந்த டீயை ஒரு கரண்டி கொடுத்தேன். அவள் வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விழுங்கினாள்.

"எப்படி இருக்குது பொன்னம்மா?"

"இன்னாத்த சொல்றது கஸ்தூரி. எனக்கு சுகர் வந்து பத்து வருசம் ஆவுது. சக்கர இல்லாத டீ குடிச்சு நாக்கே செத்துப்போச்சு. சூடா கீது. இனிப்பா கீது. கோந்து மாதிரி வழவழன்னு கீது. அத்தத் தவிர ஒன்னியும் புரில."

"வாசனை?"

"வாசன..." என்று இழுத்தாள். "கோயிலுக்குப் போய்ட்டு வந்தா மாதிரி கீது கஸ்தூரி. நல்லாத்தான் கீது" என்று என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நல்லா இருக்கிறதாம். பின்னே ஏன் குடிக்க மாட்டேன் என்கிறார்? சாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாரா? நீ வேறு ஏதாவது மறந்திருப்பாய். யோசித்து எழுது.

அன்புடன்,
கஸ்தூரி



சங்காரெட்டி
29.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மைதிலிக்குக் கால் வீக்கம் வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறோம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

அண்ணன் சாக முடிவு செய்கிற ஆள் இல்லை. அதை மட்டும் நினைக்காதீர்கள்.

பவுடர் கலந்தால் எந்த டீயும் மந்தமாகிவிடும். அதனால் வழக்கமாகப் போடுவதைவிட இரண்டு பங்கு கடுமையாக இருந்தால்தான் அவர் நாக்குக்குத் தெரியும். எவ்வளவு என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. போடுகிறவர்கள்தான் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அண்ணி, பால் விஷயம். பெருமாளுக்குக் காட்டுவதைக் காட்டுங்கள். நான் அதைச் சொல்லவில்லை. இருந்தாலும் இன்னொரு பாத்திரத்தில் வேறு பால். நேரில் என்றால் சொல்லுவேன். எழுத வரவில்லை.

உங்கள்,
சுதா



ஸ்ரீ ஜகந்நாதப் பெருமாள் துணை

குமணன்சாவடி
6.3.2024

அன்புள்ள சுதாவுக்கு,

மைதிலியின் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொல். அவள் பெயருக்குத் துளசி சார்த்தச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். என் டீதானே பிடிக்கவில்லை, கடை டீயாவது குடிக்கட்டும் என்று ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனேன். மெட்ரோவுக்காகத் தடுப்பு வைத்ததில் கடைகள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. ஊரில் பேர்பெற்ற சம்பந்தம் டீக்கடையைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். நான் யார் என்று சொன்னதும் அவன் கல்லாவை விட்டு இறங்கி வந்துவிட்டான்.

"அண்ணி, சாரு எப்டி கீறாரு? ஆளக் காணோமேன்னு பாத்துகினே இருந்தேன். காலில ஒன்னு, சாய்ந்திரம் ஒன்னு, மழையா இருந்தாலும் கொட பிடிச்சுகினு வந்துடுவாரே!"

காலையில் வீட்டில் குடித்துவிட்டுத்தான் நடக்கப் போவார், சுதா. மாலையிலும் வீட்டில் குடித்துவிட்டுத்தான் போவார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நல்லா இருந்துது கஸ்தூரி" என்று சொல்லாமல் படி இறங்க மாட்டார். டீயை நிரப்பி வாங்கினேன். ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பவுடர் கலந்தேன். ஸ்பூன் பக்கத்தில் போனதும் வாய் திறந்தது. உள்ளே வாங்கிக்கொண்டார். அவ்வளவு நாளைக்கப்புறம் அந்த வாய் தானாகத் திறந்ததைப் பார்த்து பாதியைச் சிந்திவிட்டேன். ஆனால் விழுங்கிவிட்டு அடுத்த வாய்க்குத் தலையை ஆட்டிவிட்டார். பவுடர் போட்டதும் அது சப்பென்று ஆகிவிட்டது போல. ஆறியும் போயிருந்தது.

நான் கத்திவிட்டேன். கையைக் கட்டிப்போட்ட மனுஷனைப் பார்த்து, "வேறென்னதான் வேணும் உங்களுக்கு, சொல்லித் தொலைங்களேன்" என்று கத்திவிட்டேன். பேச்சு வராதவரிடம். ரோஷினி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் கேட்டாள்.

அவர் என் டீயைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்கிறாரா? போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு உன் வீட்டில் பத்து நாள் இருந்தாரே. நீ எழுத வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். எதை எழுத வரவில்லை? என் மேல் சத்தியமாகக் கேட்கிறேன், சொல்லிவிடு.

கஸ்தூரி



ஸ்ரீ ஜகந்நாதப் பெருமாள் துணை

குமணன்சாவடி
16.3.2024

அன்புள்ள சுதாவுக்கு,

உன் பதில் வரவில்லை. மைதிலிக்கு ஒன்றும் இல்லையே? தபால்காரர் கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன்.

வினோத் பேசினான். கப்பல் ஏதோ துறைமுகத்தில் நின்றதாம். இனிமேல் பெரிய கடலாம், சித்திரை பிறக்கும் வரைக்கும் சிக்னல் கிடைக்காதாம். அப்பாவைப் பற்றிக் கேட்டான். குடிக்க மாட்டேன் என்கிறார் என்று சொன்னேன்.

அப்புறம் சொல்கிறான்: "அம்மா, நீ ஒரு வாய் குடிச்சுப் பாரேன்மா. எனக்கு ஒன்னும் ஆகாது."

நான் போனை வைத்துவிட்டேன்.

அவன் எப்படி அதைச் சொல்லலாம், சுதா? அவன் ஏழு வயதில் எழும்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவர் மருந்து வாங்க ஓடியிருந்தார். பிள்ளையின் கண் மேலே சொருகிக்கொண்டது. என் கையில் வெளியிலிருந்து வாங்கி வந்த ஒரு டம்ளர் டீ. அதை அப்படியே ஜன்னல் மேல் வைத்துவிட்டு, "பெருமாளே, எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். இனி இதை நாக்கில் வைக்க மாட்டேன். இவனைக் கொடுத்துவிடு" என்றேன். கொடுத்தார். கொடுத்துவிட்டார் இல்லையா? அப்புறம் நான் எப்படித் திருப்பி வாங்குவது?

சமையலையும் நான் ருசி பார்ப்பதில்லை, பெருமாளுக்குக் காட்டுகிறதை எச்சில் செய்ய மாட்டேன். உப்பைக் கைதான் அளக்கும், இதுவரை தப்பியதில்லை. டீயும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

இப்போது பிள்ளை நடுக்கடலில் இருக்கிறான். புருஷன் கட்டிலில் இருக்கிறார். உத்திரத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. நான் ஒரு வாய் வைத்தால் என்ன குறை என்று தெரிந்துவிடும். வைத்தால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று யார் சொல்லுவார்கள்? ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் சரிகிறது.

நீயாவது ஒரு வரி போடு.

கஸ்தூரி



சங்காரெட்டி
20.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மைதிலிக்குத் திடீரென்று ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் இரண்டு கடிதத்தையும் இன்றைக்குத்தான் இவர் வீட்டிலிருந்து எடுத்து வந்தார். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

சத்தியம் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அந்தப் பொங்கலுக்கு அண்ணன் இங்கே வந்திருந்தபோது ஒரு நாளைக்கு நாலு டீ கேட்டுக் குடித்தார். "என்ன அண்ணா, வீட்ல அண்ணி போட்டுத் தரதில்லையா?" என்று கேலி செய்தேன். அவர் உதட்டை நான் நன்றாகப் படிப்பேன், மெதுவாகத்தான் சொன்னார். பாலில் பச்சைக் கற்பூரம் இருக்கிறது, அது டீயோடு சேர்ந்தால் தொண்டை வரைக்கும் கசக்கிறது, தண்ணீரும் உப்பு என்றார். "அப்போ அண்ணிகிட்ட சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

சிரித்தார் அண்ணி. "சொன்னா அவ என்ன பண்ணுவா? ருசி பாக்க முடியாது. பெருமாள் பால்ல குறைன்னு நினைச்சு அழுவா. அது டீ இல்ல சுதா, அவ விரதம். என் பிள்ளைக்கும்தானே இருக்கா. என் பங்குக்கு நானும் ரெண்டு டம்ளர் இருந்துட்டுப் போறேன்" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவர் குடிக்காதது உங்கள் மேல் கோபத்தால் இல்லை. இத்தனை வருஷமும் மனசால் விழுங்கினார். இப்போது அந்த மனசு சொன்னதை உடம்பு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாலை மாற்றுங்கள் அண்ணி. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தப் பெட்டிக்குள் கிடக்கிற குழந்தைக்காக நானும் எதையாவது விட்டுவிடலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்களை நினைத்துத்தான் விடாமல் இருக்கிறேன்.

உங்கள்,
சுதா



குமணன்சாவடி
24.3.2024

சுதாவுக்கு,

உன்னிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தின் தலைப்பில் எப்போதும் எழுதுவதை இன்றைக்கு எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

நேற்றுக் காலையில் பெருமாள் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். துளசியை ஒரு பொட்டலம், செவ்வரளியை ஒரு பொட்டலம். துளசி வந்தால் அவர் உத்தரவு, ஒரு வாய் வைக்கலாம். அரளி வந்தால் கூடாது. குலுக்கிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன்.

அரளி.

மறுபடி குலுக்கி எடுக்கிறவள் இல்லை நான். கேட்டால் கேட்டதுதான். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அவர் கட்டை அவிழ்க்கப் பார்த்துக் கட்டில் சட்டம் கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது. நிறுத்தாமல் போட்டது. போய்ப் பார்த்தேன். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

சமையல்கட்டுக்கு வந்து எப்போதும் போல டீ போட்டேன். அதே பால், அதே தண்ணீர், அதே அளவு. பவுடரைக் கலந்தேன். "வினோத்தை ஒன்றும் செய்யாதே, எதுவானாலும் எனக்குச் செய்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் குடித்தேன்.

முதலில் கற்பூரம். தீர்த்தத்தில் இருந்தால் மணக்கிற அது, டீயில் நாக்கின் அடியில் பிடித்துக்கொண்டு கசந்தது. அதன் மேல் சர்க்கரை, அதன் மேல் போர்வெல் தண்ணீரின் உப்பு. முன்பெல்லாம் இந்தத் தெருவில் தண்ணீர் இனிப்பாக இருந்தது. குடிக்கக் கேன் வாங்க ஆரம்பித்தோம், டீக்கு மட்டும் நான் பழைய குழாயையே திருப்பிக்கொண்டிருந்தேன், கொதிக்கிற தண்ணீர்தானே என்று. அளவை மட்டும் ஒரு இம்மி மாற்றாமல் காப்பாற்றியிருக்கிறேன், சுதா. பால் மாறிவிட்டது, தூள் மாறிவிட்டது, தண்ணீர் மாறிவிட்டது. என் ஸ்பூன் மட்டும் தலைதட்டி அப்படியே இருந்திருக்கிறது.

துப்ப வந்தது. துப்பவில்லை. இத்தனை வருஷம் அவர் விழுங்கினாரே என்று விழுங்கினேன். "நல்லா இருந்துது கஸ்தூரி"யாம். மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு வாய் ஆனால் என்ன, பத்து வாய் ஆனால் என்ன. போனது போனதுதான். கேன் தண்ணீரை வைத்தேன். புதுப் பாக்கெட்டை உடைத்து, பெருமாள் பக்கம் கொண்டுபோகாமல் தனிப் பாத்திரத்தில் காய்ச்சினேன். தூளைக் குவித்து இரண்டு ஸ்பூன் போட்டேன், பவுடரைக் கலந்து ருசி பார்த்தேன், சப்பென்று இருந்தது. இன்னும் போட்டேன். இஞ்சியை நசுக்கிப் போட்டேன். பார்த்தேன். சர்க்கரை கூடிவிட்டது. கொட்டிவிட்டு மறுபடி வைத்தேன். கடைசியில் நாக்குக்கு ஒன்று தட்டுப்பட்டது. உனக்கும் அவருக்கும் டம்ளர் அளந்து ஊற்றிய காலத்து டீ. எனக்கே மறந்துபோயிருந்தது.

அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ரோஷினி சொன்ன மாதிரி தாடையை இறக்கிப் பிடித்து, ஒரு ஸ்பூன். வாங்கினார். என் முகத்தைப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. நான் மறு ஸ்பூன் எடுப்பதற்குள் வாய் திறந்துவிட்டது. அரை டம்ளர் காலியானது.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அப்போதிலிருந்து ஃப்ரிஜ் மேல் இருக்கிற போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சித்திரை வரைக்கும் வராது என்று அவனே சொல்லியிருக்கிறான். தெரிந்தும் பார்க்கிறேன். கடல் எப்படி இருக்கிறது என்று யாரிடம் கேட்பது? கூடாது என்று சொன்ன பிறகு செய்தவள் நான்.

கஸ்தூரி



குமணன்சாவடி
29.3.2024

அன்புள்ள சுதாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. குழந்தையைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்துவிட்டார்களா? மைதிலிக்குப் பால் ஊற வெள்ளைப் பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிக் கொடு. பேத்தி வந்திருக்கிறாள் என்று உன் அண்ணன் காதில் சொன்னேன். இடது பக்கத்து உதடு மட்டும் சிரித்தது.

நீ எழுதியிருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். சத்தியத்தை மீறிவிட்டாய் என்று உன் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். என் பங்குக்கு நானும் இருந்துட்டுப் போறேன் என்கிற இடத்தை மட்டும் இரண்டாம் முறை படித்தேன். அவருக்காக இல்லை, எனக்காக.

ஆஸ்பத்திரியில் துளை போடவில்லை. பெரிய டாக்டர் முன்னாலேயே ரோஷினி ஊட்டிக் காட்டினாள், குடித்தார். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள். டீ மட்டும் போதாது, கஞ்சியும் இறங்க வேண்டும், எடை ஏற வேண்டும், அதுவரை மூக்குக் குழாய் இருக்கும் என்றார்கள். வரும்போது ஆட்டோவில் ரோஷினி, "ஆன்ட்டி, அது என்ன டீ? பவுடர் கலந்தும் எனக்கே ஒரு டம்ளர் கேக்கலாம்னு இருந்துது" என்றாள். யாரோ என்னை அப்படிச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. சிரிக்க முடியவில்லை.

பெருமாளுக்கு இப்போது தனிப் பால். கற்பூரம் போட்டுக் காட்டிவிட்டுப் பொன்னம்மாள் வீட்டுப் பேரனுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போன் இன்னும் வரவில்லை. டிவியில் கடல், புயல் என்று எதையாவது சொன்னால் ஓடிப்போய் நிறுத்துகிறேன்.

இன்றைக்கு மாலை முடிவு செய்தேன். எடுத்ததற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துவிடலாம். அரிசிச் சோற்றை விட்டுவிடுகிறேன், பிள்ளை பத்திரமாக வரட்டும் என்று சொல்லிவிடலாம். அவருக்கு டீயை ஆற்றி, கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, கட்டை அவிழ்த்துவிட்டு, கட்டிலிலிருந்து தெரிகிற விளக்கு முன்னால் போய் நின்றேன். இப்போதெல்லாம் நான் அறையில் இருக்கும்போது கட்டுவதில்லை. கையைக் கூப்பினேன். "பெருமாளே, இனிமேல்" என்று ஆரம்பித்தேன்.

டங், டங் என்று சத்தம். திரும்பினேன். இடது கையால் ஸ்பூனைப் பிடித்துக் கட்டில் சட்டத்தில் அடிக்கிறார். மூச்சு வாங்குகிறது. தலையை ஆட்டுகிறார், அந்தப் பழைய ஆட்டல், வேண்டாம் என்கிற ஆட்டல். எதற்கு நிற்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? எழும்பூரில் மருந்தோடு திரும்பி வந்து, ஜன்னல் மேல் ஆறிப்போயிருந்த டீயைப் பார்த்த அன்றைக்கே எல்லாம் தெரிந்துகொண்டவர்தானே.

பக்கத்தில் போனேன். ஸ்பூனை டம்ளரில் விட்டார். கை ஆடி முக்கால்வாசி என் புடவையில் சிந்தியது. மிச்சத்தை என் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதமாக அவர் எப்படி என்னிடம் மூடிக்கொண்டாரோ அப்படி மூடிக்கொண்டேன். அவர் விடவில்லை. அப்படியே பிடித்திருந்தார். நான் அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருந்தேனோ அவ்வளவு நேரம்.

குடித்தேன், சுதா. இந்த முறை என்ன குறை என்று பார்க்கக் குடிக்கவில்லை.

அப்புறம் அவருக்கு ஒரு ஸ்பூன், எனக்கு ஒரு ஸ்பூன். டம்ளர் காலியானதும் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டார். வேண்டுதலை நான் முடிக்கவில்லை. பாதியில் நிற்கிறது. போனும் ஃப்ரிஜ் மேல் அப்படியே இருக்கிறது. பயம் போகவில்லை. பயத்தோடேயே ஒரு கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன், மறு கை அவரிடம் இருக்கிறது.

குழந்தைக்காக நீ எதையும் விட்டுவிடாதே. பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடி.

மேலே எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

பெருமாள் துணை.

அன்புடன்,
அண்ணி கஸ்தூரி